ஹார்மோன் மாத்திரையை நிறுத்த நினைக்கிறவர்களுக்கு, ஒரு ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை எழுதுவது

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது, எத்தனை பாருக்குக் காசு வந்தது, யார் பேரில் எவ்வளவு நிற்கிறது, இதுதான் வேலை. வைத்தியத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் நோயாளி என்ற வகையில் மட்டும்தான். பிள்ளை பிறந்து ஒரு வருடத்தில் ஆரம்பித்த அடிவயிற்று வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர் தெரியவே 7 வருடம் ஆனது. தெரிந்து 6 வருடம் ஆகிறது.

நடுவில் ஒரு முறை, டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டு, விதை, பட்டை, வைட்டமின் என்று 10 மாதம் ஓட்டினேன். அதில் உருப்படியாகச் செய்ததும் உண்டு, மடத்தனமும் உண்டு. தொண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே மூன்று பெண்கள், "அக்கா, எனக்கும் அந்த மாத்திரை ஒத்துக்கல, நீ இன்னா சாப்ட்ட, சொல்லு" என்று கேட்டுவிட்டார்கள். வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த மாத்திரை செய்கிற வேலை எது, இவை செய்கிற வேலை எது

கருப்பைக்கு உள்ளே படிந்து மாதாமாதம் உதிர வேண்டிய படலம் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே முட்டைப்பையிலும் குடல் மேலும் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இந்த நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, சுமார் 19 கோடிப் பேர். அந்தத் திசுவுக்குத் தீனி ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன். டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் போன்ற மாத்திரைகள் அந்தத் தீனியைக் குறைக்கின்றன. பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை, நாலு மாதம் திட்டுத்திட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. தலைவலி. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காரணமே இல்லாமல் பிள்ளைமேல் எரிந்து விழுந்ததைத்தான் தாங்க முடியவில்லை. "சும்மா சும்மா ஏம்மா கத்தற?" என்று அவள் கேட்ட அன்றைக்கு இரவுதான் மாத்திரை அட்டையைப் பீரோவுக்குள் தள்ளினேன். ஆகவே மாத்திரை வேண்டாம் என்கிற பெண்ணுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை.

சரி, நான் சாப்பிட்ட விதை, பட்டை, வைட்டமின் எல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது உடம்புக்குள் நடக்கும் துருவேற்றத்தைத் தடுக்கும் சத்து, என்கிறார்களே, அது இதில் எங்கே வருகிறது? துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி விளக்க வேண்டாம். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பற்களை இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் செம்மண் பூசினாற்போல் ஆகிவிடும். ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. இருக்கக்கூடாத இடத்தில் மாதாமாதம் ரத்தம் கசிந்து, வெளியே போக வழியில்லாமல் தேங்கினால், சிவப்பணுக்கள் உடைந்து அந்த இரும்பு வெளியே வருகிறது. இந்த நோயில் முட்டைப்பையில் வருவதைச் சாக்லேட் கட்டி என்கிறோமே, அந்தப் பழுப்பு நிறமே பழைய ரத்தம்தான். அந்த இரும்பு அக்கம்பக்கத்துத் திசுவில் ஒரு வகைத் துருவேற்றத்தை நடத்துகிறது. வீக்கமும் எரிச்சலும் கூடி நரம்புகள் சீண்டப்படுகின்றன. வைட்டமின் சி, வைட்டமின் இ, இன்னும் பல தாவரச் சத்துகள் இந்தத் துருவேற்றத்தைத்தான் தணிக்கப் பார்க்கின்றன.

எனக்குப் பிந்திப் புரிந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. தீனியை நிறுத்துவது ஒரு வேலை, துருவைத் துடைப்பது வேறு வேலை. வலி என்கிற பத்தியில் நல்ல வரவு வரலாம். கட்டி என்கிற பத்தி தனி. ஒன்றில் வந்த வரவை இன்னொன்றில் எழுதினால் கணக்கு பொய்த்துவிடும். நான் அப்படித்தான் எழுதினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வழியில் தனியாக இறங்கக்கூடாதவர்கள்

கட்டி பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று ஸ்கேன் சொல்கிறவர்கள். குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ நோய் பரவியிருப்பவர்கள். சிறுநீர்க் குழாயை நெருக்கினால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகும், அதனால் வலி குறைந்ததை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வருகிறவர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள்.

பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் கதை வேறு. ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்போது பெரும்பாலும் கரு தங்காது. அதைச் சாப்பிட்டு நிறுத்தினால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதும் இல்லை. அதனால் அவர்களுக்கு மாத்திரை வேண்டாம் என்பது பல நேரம் டாக்டரே சொல்வதுதான். ஆனால் அதற்குப் பதிலாகப் பட்டைக் கஷாயத்தில் ஒரு வருடத்தைக் கரைத்துவிடக்கூடாது. முட்டைப்பையில் மிச்சமிருக்கும் முட்டையிருப்பு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கரு தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது கற்றாழை லேகியம், எள்ளுருண்டை, கருஞ்சீரகம் என்று ஆளாளுக்குச் சொல்வதைச் சாப்பிட வேண்டாம். மாதவிலக்கை வரவைப்பதற்கென்றே காலங்காலமாகக் கொடுத்து வந்த சாமான்கள் அவை.

நோட்டு போடுங்கள்

40 பக்க நோட்டு போதும். செயலி எல்லாம் வேண்டாம், போன் மாற்றினால் போய்விடும். ஆறு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, உதிரம் எப்படி, காலை வலி, இரவு வலி, எத்தனை வலி மாத்திரை, புதிதாகச் சேர்த்தது என்ன. வலிக்கு 0 முதல் 10 வரை மார்க். 10 என்றால் தரையில் சுருண்டு கிடப்பது. 3 என்றால் வேலை ஓடும், ஆனால் ஞாபகம் அங்கேயே இருக்கும். இந்த மார்க்கில் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ள முடியும். புதிதாக ஒரு டப்பா 900 ரூபாய்க்கு வாங்கினால் அந்த மாதம் வலி 7 இருந்தாலும் கை 5 என்றுதான் எழுதும். பொய் சொல்லாத பத்தி வலி மாத்திரை எண்ணிக்கைதான். மே மாதம் 9, ஜூன் மாதம் 8 என்றால் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எதையும் சேர்க்காமல் இரண்டு மாதவிலக்கு முடியும் வரை வெறுமனே எழுதுங்கள். அது ஆரம்ப இருப்பு. ஆரம்ப இருப்பு தெரியாமல் லாப நட்டம் சொல்கிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். பிறகு ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள், குறைந்தது 8 வாரம். ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் 8 வாரம், 12 வாரம் என்றுதான் நடந்திருக்கின்றன.

நான் ஏமாந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆளிவிதையை ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தேன். மே, ஜூன் இரண்டு மாதமும் வலி பாதியாகிவிட்டது. தெரு முழுக்க ஆளிவிதை வாங்கச் சொன்னேன். ஆகஸ்டில் வலி பழையபடி வந்து நின்றது, ஆளிவிதை தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. நோட்டைப் பின்னால் புரட்டியதும் விஷயம் பிடிபட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் போகாது, எனக்கு வேலை கால்வாசி. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஐஸ் லோடுக்குப் பில் போடும் பிழைப்பு இல்லை. அந்த 61 நாளும் இரவில் 7 மணி நேரம் தூங்கியிருக்கிறேன். ஆளிவிதைக்கு நான் கொடுத்த பேர் தூக்கத்துக்குப் போக வேண்டியது. ஆகவே ஏழாவதாக ஒரு பத்தி போடுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன்.

அடுப்படியில் ஆரம்பியுங்கள்

சாப்பாட்டை மாற்றினால் நோய் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் டிரான்ஸ் கொழுப்பை (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் கொழுப்பு) அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகவும், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. சிவப்பு இறைச்சியை தினம் இரண்டு வேளைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு 56 சதவீதம் அதிகம். இது நோய் வருவதைப் பற்றிய கணக்கு, வந்த நோய் போவதைப் பற்றியது அல்ல. இரண்டையும் குழப்பி வீடியோ போடுகிறவர்கள் நிறைய.

என் அளவில் செய்தது சின்ன மாற்றம். வனஸ்பதியில் செய்த பப்ஸும் கிரீம் பன்னும் நின்றது. மாலையில் கம்பெனி வாசலில் காய்ச்சிக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயில் போடும் பஜ்ஜி, வாரம் ஒரு நாள் என்று இறங்கியது. முழுசாக விட மனசு வரவில்லை. வாரம் மூன்று நாள் மத்தி அல்லது கானாங்கெளுத்தி. இந்த விஷயத்தில் வடசென்னைக்காரி கொடுத்து வைத்தவள். ஒமேகா 3 மாத்திரைக்கு மற்றவர்கள் தண்டம் அழும் காசில் நம்மால் வீட்டுக்கே குழம்பு வைக்க முடியும். தடைக்காலத்திலும் ஃபைபர் படகுகள் போகின்றன, மத்தி கிடைக்கும். வறுக்காமல் குழம்பாக வையுங்கள். மத்தியைத் தூக்கிப் பெரிதாகப் பேசவும் முடியாது. இந்த நோய் இருக்கும் இளம்பெண்களிடம் மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் டி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மூன்றையும் வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்கு வலி எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அதே அளவு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறைந்தது. மீன் எண்ணெய்க்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. நான் மத்தி சாப்பிடுவது அது நல்ல சாப்பாடு என்பதால்.

வைட்டமின் சிக்கு நெல்லிக்காயும் கொய்யாவும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சைவிட நாலு மடங்கு. சைக்கிளில் வைத்து விற்கும் கொய்யாவில் ஒன்று வாங்கி, மிளகாய்த்தூள் தடவாமல் சாப்பிட்டால் போதும்.

வயிறு உப்பி, மாதவிலக்கு நெருங்கும்போது நாலு மாதக் கர்ப்பம்போல் தெரிகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களை வைத்து, வயிற்றில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்துகளைக் குறைத்த உணவை 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 60 சதவீதம் பேருக்கு வயிற்றுத் தொல்லை குறைந்தது. சாதாரண உணவில் 26 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் குறைக்க வேண்டியவை வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, ராஜ்மா, பால். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நாலு வாரம் சமைப்பது எங்கள் வீட்டில் ஒரு கலவரம். அத்தை மூன்றாம் நாளே தனியாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் எனக்கு வயிறு இறங்கியது. நாலு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்ததில், எனக்கு ஆகாதது பூண்டும் பாலும் மட்டும்தான். சும்மா கிடந்த வெங்காயத்தை ஆயுசுக்கும் விட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் நிரந்தரமாக நிறுத்துவது இந்த முறையில் கிடையாது. அதை மறந்து இளைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இஞ்சி, சுக்கு பற்றி: சாதாரண மாதவிலக்கு வலியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். முதல் மூன்று நாலு நாள், தினம் 750 முதல் 2000 மில்லிகிராம் வரை பொடி. சின்னச் சின்ன ஆய்வுகளில் வலி மாத்திரைக்குச் சமமாகக்கூட நின்றிருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அதே அளவு கேட்குமா என்பது வேறு. எனக்கு முதல் நாளில் அரை ஸ்பூன் சுக்குப்பொடி, பனைவெல்லம், கொத்தமல்லி போட்டுக் கொதிக்கவைத்த கஷாயம் இரண்டு வேளை; குமட்டல் நிற்கிறது, வலி 8லிருந்து 7. அந்த ஒரு மார்க்குக்கு நன்றி.

டப்பாவில் வருபவை

இங்கேதான் காசும் ஆபத்தும் சேர்ந்து வருகின்றன, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

வைட்டமின் சியும் இயும் சேர்ந்து: இதற்கு ஓரளவு கையில் பிடிக்க ஆதாரம் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், தினம் வைட்டமின் இ 1200 யூனிட்டும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் 8 வாரம் கொடுத்தார்கள். அன்றாட வலி 43 சதவீதம் பேருக்குக் குறைந்தது, மாதவிலக்கு வலி 37 சதவீதம் பேருக்கு. ஈரானில் பிறகு நடந்த ஆய்விலும் வலி குறைந்தது. அங்கே வைட்டமின் இ 800 யூனிட். எல்லாம் 60 பேரை வைத்த சின்ன ஆய்வுகள். 43 சதவீதம் என்றால் மீதி 57 சதவீதம் பேருக்குக் குறையவில்லை என்பதையும் படிக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் பச்சை நிற இ மாத்திரை ஒன்று 400 யூனிட். மூன்று சாப்பிட்டால் 1200 வந்துவிடும், டாக்டர் சீட்டு யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் பயம். இவ்வளவு வைட்டமின் இ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே பெரும்பாடாக உதிரம் போகிறவள், கூடவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவள், அடுத்த மாதம் ஆபரேஷன் இருக்கிறவள், யாரும் சொந்த முடிவில் தொடக்கூடாது. வைட்டமின் சி மாத்திரை, சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது. நான் டாக்டரிடம் சொல்லிவிட்டு 8 வாரம் சாப்பிட்டேன். வலி மாத்திரை எண்ணிக்கை 9லிருந்து 6. நிறுத்தினேன், மறுபடி 8. எனக்கு வேலை செய்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

என்-அசிட்டைல் சிஸ்டீன்: சளியைக் கரைக்கக் கொடுப்பார்களே, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 600 மில்லிகிராம் மாத்திரை, அதேதான். செடியில் வருவது இல்லை, ஆனால் ஆன்டிஆக்ஸிடன்ட். இத்தாலியில் 2013இல் வாரத்துக்கு மூன்று நாள், தினம் மூன்று வேளை என்று 3 மாதம் கொடுத்தார்கள். 47 பேரில் 24 பேர் ஏற்கெனவே நாள் குறித்திருந்த லேப்ராஸ்கோபியை (வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) ரத்து செய்தார்கள். கேட்டதும் எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அதில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை, சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவும் இல்லை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னேனே, 900 ரூபாய் டப்பா வாங்கின கை 5 என்று எழுதும் என்று.

மெலடோனின்: பிரேசிலில் 10 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் வலி நன்றாகக் குறைந்தது. 10 வருடம் கழித்து ஸ்வீடனில் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட ஒன்றும் கூடுதல் இல்லை. நான் வாங்கவில்லை.

மஞ்சள்: இதை எழுத எனக்கே சங்கடம்தான். சாதாரண மஞ்சள்தூளில் குர்குமின் என்கிற சத்து சுமார் 3 சதவீதம். ஆய்வுகளில் கொடுக்கும் 1000 மில்லிகிராமுக்கு 30 கிராமுக்கு மேல் தூள் தின்ன வேண்டும். பாலில் கால் ஸ்பூன் போட்டுக் குடிப்பது அதன் பக்கத்தில்கூட வராது. சரி, மாத்திரையாகவே சாப்பிட்டால்? ஈரானில் 500 மில்லிகிராம் இரண்டு வேளை 8 வாரம் கொடுத்தார்கள், எண்டோமெட்ரியோசிஸ் வலியில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மிளகுச் சாரம் சேர்த்த குர்குமின் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் மீன் குழம்பிலேயே இருக்கட்டும்.

கிரீன் டீயின் சாரம் எலிகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. டீயாகக் குடிக்கலாம், சாரத்தை மாத்திரையாக அதிக அளவில் எடுத்தால் அதுவும் ஈரலுக்கு ஆகாது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் டப்பாக்கள் விலை மிக அதிகம். கருத்தடை மாத்திரையோடு சேர்த்து 40 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் பயன் எதுவும் கூடவில்லை. சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொடாதீர்கள். அது ஈஸ்ட்ரோஜன் சாயல் உள்ள பொருள். தீனியைக் குறைக்கப் பார்க்கிற வீட்டில் அந்த விருந்தாளி வேண்டாம்.

பட்டை, வேர், நாட்டு மருந்துக் கடை

அத்தைக்கு எல்லா வியாதிக்கும் மருந்து தெரியும். கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது, இன்னும் சாப்பிடுகிறேன், மருந்தாக இல்லை. அடுத்து அசோகப் பட்டை. "பெரும்பாட்டுக்கு எங்கம்மா இதத்தான் காச்சுவாங்க, போய் வாங்கினு வா" என்றார். ஜார்ஜ் டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கால் கிலோ வாங்கி வந்து, மூன்று மாதம் காய்ச்சிக் குடித்தேன். வாய் கசந்தது, மலச்சிக்கல் வந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை.

பிறகு ஒரு சித்த மருத்துவரிடம் போனபோது மிச்சமிருந்த பட்டையைக் காட்டினேன். கையில் வாங்கி ஒடித்துப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல எல்லாம் உயரமா நிக்குமே, அத நீங்க இன்னா மரம்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். அசோக மரம் என்றேன். சிரித்தார். அது நெட்டிலிங்கம். உண்மையான அசோகம் பரந்து விரிந்து, ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூப்பது. சந்தையில் அசோகப் பட்டை என்ற பேரில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து வருவது சகஜமாம். எனக்குக் கிடைத்தது எது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதம் எதைக் குடித்தேன் என்று தெரியாமலே குடித்திருக்கிறேன்.

இதே கூத்து இணையத்தில் வேறு பேரில் நடக்கிறது. வைடெக்ஸ் என்று ஒரு டப்பா வருகிறது. நம்ம ஊர் நொச்சிதானே அது என்று ஒருத்தி நொச்சி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தாள். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மரம் இல்லை; அந்த டப்பாவில் இருப்பது மத்தியதரைக் கடல் பக்கத்து மரத்தின் காய். அது புரோலாக்டின் என்ற ஹார்மோனில் கை வைக்கும். செடி என்பதால் ஹார்மோன் இல்லை என்று ஆகிவிடாது. அதிமதுரமும் அப்படித்தான், தினமும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் கடையில் கேட்காமல் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து தூரம் என்றால் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா பேரிலுள்ள அரசு மருத்துவமனை. பஸ்பம், செந்தூரம் என்று கொடுத்தால் அதில் என்ன உலோகம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஆங்கில மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மருந்தைச் சாப்பிடுவதுதான் பெரிய ஆபத்து.

என் கணக்கில் நடந்த தப்பு

மாத்திரையை நிறுத்திய அன்று என் இடது முட்டைப்பைக் கட்டி 3.2 செ.மீ. ஆறு மாதத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வலிதான் குறைந்திருக்கிறதே, எதற்கு ஸ்கேனுக்குத் தண்டம் அழ வேண்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாம் மாதம், கம்பெனியில் மாதக் கணக்கு முடிக்கிற நாள், ஒரு பக்கம் திடீரென்று கத்தியால் இழுத்தது போல் வலி, வாந்தி. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டி 5.4 செ.மீ. கசிந்திருந்தது. நல்லவேளை முறுக்கிக்கொள்ளவில்லை.

அந்த 10 மாத நோட்டைப் பார்த்தால் வலிப் பத்தியில் நிஜமாகவே முன்னேற்றம் இருக்கிறது. பொய் இல்லை. கட்டிப் பத்தியை நான் போடவே இல்லை, அவ்வளவுதான். ஹார்மோன் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன், முடிந்தால் அதே இடத்தில், அதே டாக்டர் கையால். காய்ச்சலோடு வலி, வாந்தியோடு திடீர் வலி, மயக்கம் என்றால் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

டாக்டரிடம் எப்படிப் பேசுவது

"மாத்திரை ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள்: இத்தனை நாள் உதிரம் பட்டது, இத்தனை நாள் தலைவலி, மனசு இப்படி. நான் அப்படிக் காட்டியபோதுதான் ஹார்மோன் என்றால் அந்த ஒரே மாத்திரை இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, ரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு. டைனோஜெஸ்ட் வகையைச் சேர்ந்த வேறு ஹார்மோன்கள் (புரோஜெஸ்டின்கள்) இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது; அதில் எலும்பு தேயும், உடம்பு தீயாய் எரியும் என்பதால் எனக்கு வேண்டாம் என்றேன், எழுதிக்கொண்டார்கள். இப்போது கருப்பைச் சாதனம் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூடவே வைட்டமின் இரண்டும் வருடத்துக்கு இரண்டு முறை 8 வாரம், டாக்டருக்குத் தெரிந்தே. கொய்யா தினமும். போன மாதம் வலி மாத்திரை 2.

சாதாரணமாக யாரும் சொல்லாத ஒன்று: இடுப்புத்தளத் தசைக்கென்றே பிசியோதெரபி உண்டு. வருடக்கணக்கில் வலியில் இறுகிப்போன தசையை இளக்குகிற பயிற்சி. செலவு கொஞ்சம், மருந்து எதுவும் இல்லை. வெந்நீர்ப் பைக்கும் அதேதான். நான் கம்பெனி மேசைக்குக் கீழே ஒன்று வைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் வெந்நீர்ப் பையா என்று லோடுமேன்கள் கிண்டல் செய்வார்கள்.

போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், அளவுகளைத் தேதியோடு நோட்டிலும் எழுதிவிடுங்கள். அந்தப் பளபளப்புத் தாளில் வரும் படம் சூட்டில் வெளிறிவிடும். என் முதல் ஸ்கேன் படம் இப்போது வெறும் சாம்பல் தாள். அந்தப் பக்கத்து ஓரத்தில், இடது 3.2 என்று பேனாவில் எழுதியிருப்பது மட்டும்தான் தெரிகிறது.